கடல்நீர் மீன்தொட்டிக்கு எந்த மணல்?

தங்கமீன் வளர்த்துப் பழகிய பிள்ளைகள் அடுத்துக் கேட்பது கோமாளி மீனைத்தான். அதற்குக் கடல்நீர் வேண்டும். கடல்நீர்த் தொட்டியில் அடியில் போடும் மணல் வெறும் அழகுக்கானதல்ல. மீனின் கழிவைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் குடியிருப்பது மணலிலும் கற்களிலும்தான். கிரவீன் போன்ற இடங்களில் வாடகை வீட்டில் தொடங்குபவர்கள் மணல் வாங்குமுன் சிலவற்றை அறிந்துகொள்வது நல்லது.

முதலில் பாரம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமான தொட்டி ஏறக்குறைய 240 லீற்றர் கொள்ளும். மணலும் கல்லும் சேர்ந்தால் கால் தொன்னைத் தாண்டும். மாடிக் குடியிருப்பு என்றால் வீட்டு உரிமையாளரிடம் கேட்காமல் வைக்க வேண்டாம்.

கடல்நீர்த் தொட்டிக்கு உகந்தது அரகோனைற்று மணல். பவளமும் சிப்பியும் உடைந்து உண்டான கல்சியம் காபனேற்று அது. நெடுந்தீவில் வேலியாக அடுக்கியிருக்கும் முருகைக்கல்லும் இதே சுண்ணாம்பு இனம்தான். கட்டட மணலும் நீச்சல்குள வடிகட்டி மணலும் பெரும்பாலும் சிலிக்கா. வித்தியாசம் அறிய, ஒரு கரண்டி மணலில் சில துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மணல். பிள்ளைகளைக் கொண்டே செய்விக்கலாம்.

கடற்கரையில் அள்ளி வரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பொதுக் கடற்கரையில் அனுமதியின்றி மணல் எடுப்பது சட்டப்படி குற்றமாகலாம். நகரக் கடற்கரை மணலில் மழைநீர் வடிகால்களின் அழுக்கும் கலந்திருக்கும். ஊரிலிருந்து நினைவாக மண், சிப்பி, பவளம் கொண்டுவருவோர் விமான நிலையத்தில் அதை அறிவிக்கவேண்டும். மறைத்தால் அபராதம் வரும்.

மேற்சொன்ன தொட்டியில் 3 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஏறக்குறைய 25 கிலோ மணல் போதும். ஆழம் கூடினால் அடியில் பிராணவாயு எட்டாது. அங்கே அழுகிய முட்டை மணமுள்ள நச்சு வாயு தேங்கும். பின்னொரு நாள் கிளறும்போது அது மீனைக் கொல்லலாம்.

உலர் மணலை வாளியில் சிறிது சிறிதாகப் போட்டு, கலங்கல் குறையும்வரை அலசுங்கள். ஈரப்பதத்துடன் ‘உயிர் மணல்’ என்று விற்பதை அலசக்கூடாது. அலசினால் காசு கொடுத்து வாங்கிய பற்றீரியா போய்விடும். சிட்னிக் குழாய்நீரில் பெரும்பாலும் குளோரமைன் கலந்திருக்கும். இரவு முழுவதும் திறந்து வைத்தாலும் அது போகாது. கடல் உப்பைக் கரைக்குமுன் அதற்குரிய நீக்கியைச் சேர்க்கவேண்டும், அல்லது வடிகட்டிச் சுத்தமாக்கிய நீரைப் பயன்படுத்தவேண்டும்.

கற்களை முதலில் கண்ணாடித் தளத்தில் உறுதியாக வைத்து, பிறகு மணலைப் பரப்புங்கள். மணலைத் தோண்டும் மீன்கள் கல்லைச் சரிக்காமல் இருக்க இதுவே வழி. மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் கடல்நீரை மெதுவாக ஊற்றினால் குழி விழாது. கலங்கல் அடங்க ஓரிரு நாள் எடுக்கும்.

தண்ணீர் தெளிந்த உடனே மீன் விடவேண்டாம். அமோனியா நைத்திரைற்றாகவும் அது நைத்திரேற்றாகவும் மாறும் சுழற்சி உருவாகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் செல்லும். முதல் இரண்டும் பூச்சியம் எனப் பரிசோதனை காட்டிய பிறகே முதல் மீன். பிள்ளைகள் அவசரப்படுத்துவார்கள். பெரியவர்கள்தான் பொறுக்கவேண்டும்.

தொட்டியைக் கலைக்கும் நாளில் மணலையோ பாசியையோ ஓடையில் கொட்டாதீர்கள். 2000ஆம் ஆண்டு சிட்னியின் போர்ட் ஹக்கிங்கில் கண்டறியப்பட்ட கோலெர்ப்பா என்ற அந்நியக் கடற்பாசி, மீன்தொட்டியில் இருந்து வந்திருக்கலாம் என்றே கருதப்படுகிறது.