கைக்குழந்தையோடு நடவுக்கு வரும் தாய்மார்கள்

நாற்றின் வயது எவ்வளவு, குத்துக்கு எத்தனை நாற்று என்பதையெல்லாம் பலமுறை பேசியிருக்கிறோம். அந்த நாற்றை நடுகின்ற பெண்களைப் பற்றி இம்முறை சிறிது பேசலாம்.

சென்ற சம்பாவில் ஒரு வயலுக்குப் போயிருந்தேன். பத்துப் பெண்கள் நட்டுக்கொண்டிருந்தனர். வரப்போர வேப்பமரத்தில் ஒரு தூளி. குழந்தை வீறிட்டு அழுதது. தாய் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் குனிந்து நட்டாள். "போய்ப் பால் கொடுத்துட்டு வாம்மா" என்றேன். பக்கத்திலிருந்த மூதாட்டி, "பின்னாடி நின்னுட்டா அரை ஆள் கூலிதான்னு சொல்லிடுவாங்க சார்" என்றார். நிலக்காரரை நான் நன்கு அறிவேன், கொடியவர் அல்லர். "என்னிடம் யாரும் கேட்கவில்லையே!" என்றார். ஆம், கேட்கமாட்டார்கள். அடுத்த நாள் வேலை போய்விடுமோ என்ற அச்சம்.

கணக்குப் பார்ப்போம். பத்துப் பேர் ஆறு மணி நேரம் வேலை செய்தால் மொத்தம் 3,600 நிமிடம். ஒரு தாய் இருமுறை, முறைக்கு 20 நிமிடம், பால் கொடுக்கப் போனால் 40 நிமிடம். நூற்றில் ஒரு பங்கை விடச் சற்றே அதிகம். நாற்றுக்கட்டு வந்து சேரத் தாமதமானால் இதைவிட அதிக நேரம் வீணாகிறது.

பால் கொடுக்காவிட்டால் இழப்பு எங்கே? குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். மார்பில் தேங்கினால் பால் கட்டி, வலி கண்டு, சில வேளை காய்ச்சலும் வரும். அப்படி வந்தால் அந்த ஆள் மூன்று நாளைக்கு வேலைக்கு வரமாட்டாள். முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். கோடையிலும் தண்ணீர் தர வேண்டியதில்லை, அடிக்கடி பால் கொடுத்தாலே போதும். தண்ணீர் தாய்க்குத்தான் தேவை.

சட்டம் என்ன சொல்கிறது? 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு போக, நாளுக்கு இருமுறை பாலூட்ட இடைவேளை தரச் சொன்னது. 2017 திருத்தத்தின்படி 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம். 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை உள்ளன. தேயிலைத் தோட்டங்களில் காப்பகம் என்பது 1951ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணை நியமித்து அவருக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதப்பட்டது. நான்கு ஏக்கர் வைத்திருப்பவரை இந்த இடைவேளை, காப்பக விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் குழந்தையின் பசி ஏக்கர் பார்த்து வருவதில்லையே!

நான் மிகவும் அஞ்சுவது பூச்சி மருந்தைத்தான். பாலூட்டும் பெண்ணை மருந்து கலக்கவோ, தெளிக்கவோ, தெளிப்பானைக் கழுவவோ விடாதீர்கள். அன்று தெளித்த வயலில் களையெடுக்கவும் அனுப்ப வேண்டாம். டி.டி.டி. போன்ற, கொழுப்பில் கரையும் பழைய மருந்துகள் தாய்ப்பாலிலேயே காணப்பட்டிருக்கின்றன. பக்கத்து வயலில் தெளித்தால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத் தூளியை மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். மருந்து வந்த டப்பாவில் குடிநீர் வைப்பது இன்னும் சில ஊர்களில் நடக்கிறது. கழுவினாலும் அது கூடாது.

மற்றவை எளியவை. நல்ல நிழல், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டி ஓரிடம், எறும்புப் புற்று இல்லாத தரை, நான்கு கழி நட்டுப் பழைய சேலையால் ஒரு மறைப்பு, ஒரு குடம் குடிநீர், சேற்றுக் கையைக் கழுவ வேறு தண்ணீரும் ஒரு துண்டுச் சோப்பும். உடன் வந்த வயதான பெண் ஒருவரைக் குழந்தையருகே உட்கார வைத்து, அவருக்கும் கூலி கொடுத்துவிடலாம்.

ஆள் கூட்டி வரும் அம்மாவிடம் முதல் நாள் மாலையே, "கைக்குழந்தைக்காரி இருந்தால் கூட்டி வாருங்கள், பால் கொடுக்கும் நேரத்துக்குக் கூலி பிடிக்கமாட்டேன்" என்று மற்ற பெண்கள் காதில் விழும்படி சொல்லிவிடுங்கள். நான் மேலே சொன்ன நிலக்காரர் களையெடுப்பின்போது அப்படியே செய்தார். அன்று வரப்பில் இரண்டு தூளிகள் ஆடின.