புகை என்பது எரியாத விறகு

மார்கழி விடியற்காலையில் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போனால், கூரை மோட்டிலிருந்தும் ஓட்டுச் சந்திலிருந்தும் வெண்புகை கசிந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். மலையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். உள்ளே ஊதாங்குழலும் கையுமாக அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் கரிக்கிறது, தொண்டை கமறுகிறது. பக்கத்தில் தூளியில் கிடக்கும் குழந்தையும் அதே காற்றைத்தான் இழுக்கிறது.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. இங்கே பெரும்பாலும் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள். சாமையும் கேழ்வரகும் விளைவிக்கிறார்கள். களி கிண்ட, வெந்நீர் வைக்க, மாட்டுக்குத் தீனி வேகவைக்க விறகுதான் எரிகிறது.

காஸ் வந்த பிறகும் ஏன் விறகு?

2007-ல் தமிழக அரசு ஏழை வீடுகளுக்கு இலவச காஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா காஸ் இணைப்புத் திட்டம் வந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பது வீடுகளுக்கு மேல் புகையில்லாத எரிபொருளில் சமைக்கின்றன. நல்ல செய்திதான். ஆனால் காஸ் இணைப்பு இருக்கும் வீட்டில் விறகடுப்பு அணைந்துவிட்டது என்று பொருளில்லை. டீ போடவும் அவசரத்துக்குக் குழம்பு சுடவைக்கவும் காஸ். பெரிய பானைக்கும் வெந்நீருக்கும் பின்கட்டில் விறகு. சிலிண்டர் தீர்ந்தால் கையில் காசு சேர வேண்டும், மலைப்பாதையில் வண்டி ஏறி வர வேண்டும். காட்டோரத்துச் சுள்ளிக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

காஸ் வாங்க முடிந்தவர்கள் காஸிலேயே சமைப்பதுதான் நுரையீரலுக்கு நல்லது. அதில் இரண்டு கருத்து இல்லை. முடியாத வீட்டுக்கும் முடியாத நாளுக்கும்தான் இந்தக் கட்டுரை. விறகடுப்பு உள்ளவரைக்கும் அதை ஒழுங்காக எரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணுக்கும் மார்புக்கும் கேடு செய்யும் புகை, உண்மையில் எரிந்து சூடாகியிருக்க வேண்டிய விறகு. அரைகுறையாக வெந்து வெளியேறுகிறது. தலைச்சுமையாகக் கொண்டுவந்த விறகுக்கட்டில் ஒரு பங்கு இப்படிக் கூரை வழியே போய்விடுகிறது. புகையைக் குறைத்தால் விறகும் குறையும். ஆரோக்கியத்துக்கு ஒன்று, சிக்கனத்துக்கு ஒன்று என்று இரண்டு வழி தேட வேண்டியதில்லை.

புகைக்குள் என்ன இருக்கிறது

கண்ணுக்குத் தெரியும் கரி கொஞ்சம்தான். கெடுதல் அதிகம் செய்வது தெரியாத துகள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத இந்த நுண்துகள், மூக்கு மயிரையும் சளியையும் தாண்டி நுரையீரலின் அடிவரை போகிறது. ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு வரம்பு 60. சன்னல் இல்லாத அடுப்படியில் விறகு எரியும் நேரத்தில் அது பல நூறைத் தொடும், ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு.

பீடி சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கு நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வருவதற்கு அடுப்புப் புகை ஒரு முக்கியக் காரணம். இதய நோய், பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், கண்புரை, சிறு குழந்தைகளுக்கு நிமோனியா என்று பட்டியல் நீள்கிறது. வீட்டுக்குள் எழும் புகையால் உலகில் 2020-ல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதை எட்டாத குழந்தைகள்.

இந்த ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் பல ஆண்டுகளாகக் கிராமத்து அடுப்படிகளின் காற்றை அளந்து வருகிறார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வில் நம் கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் பகுதிப் பெண்களும் இருந்தார்கள். பாதிப் பேருக்குக் காஸ் அடுப்பும் எரிபொருளும் இலவசமாகத் தரப்பட்டன. அவர்கள் சுவாசித்த நுண்துகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் 2022-ல் முடிவு வெளியானபோது, பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இதைச் சொல்லாமல் மறைப்பது வாசகரை ஏமாற்றுவதாகும். அதற்காகப் புகை ஒன்றும் செய்யாது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அந்தப் பெண்களுக்குக் காஸ் வந்தது கருவுற்றுச் சில வாரங்கள், மாதங்கள் கழித்து. மூச்சடைப்பும் கண்புரையும் இருபது முப்பது ஆண்டுப் புகையில் வருபவை. அடுப்பு மாற்றியதும் அடுத்த மாதமே எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவ்வளவுதான்.

விறகைக் காய வைப்பதுதான் முதல் வேலை

புதுவகை அடுப்பு, புகைபோக்கி என்று எதற்கும் செலவு செய்வதற்கு முன் காசில்லாமல் செய்யக்கூடியது இது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன்.

வெட்டியவுடன் பத்துக் கிலோ பச்சை விறகில் நாலைந்து கிலோ வெறும் தண்ணீர். அது ஆவியாகிப் போன பிறகுதான் கட்டை சரியாகப் பற்றும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர ஆகும் சூட்டைப்போல் ஏழு மடங்கு சூடு, கொதித்த அந்தத் தண்ணீரை முழுவதும் ஆவியாக்கத் தேவை. ஈர விறகை அடுப்பில் வைத்தால் உலைநீருக்குப் போக வேண்டிய சூடு முதலில் விறகுக்குள் இருக்கும் நீருக்குப் போகிறது. நெருப்பின் சூடு தணிந்ததும் எரியாத வாயுவும் தாரும் புகையாக எழும்புகின்றன. பிறகு ஊதாங்குழலை எடுத்து முகத்தை நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊத வேண்டியதுதான்.

விறகு காய்ந்ததா என்று தெரிந்துகொள்ளக் கருவி வேண்டாம். இரண்டு கட்டைகளை ஒன்றோடு ஒன்று தட்டினால் காய்ந்தது ‘டக்’கென்று ஒலிக்கும், ஈரமானது ‘மொத்’தென்று விழும். காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் வெடிப்புகள் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும். பட்டை கையோடு வரும். எரியும்போது பின் முனையில் நுரை தள்ளினால் அதை வெளியே இழுத்து வெயிலில் போடுங்கள்.

மலையில் ஆனி, ஆடியிலேயே சாரல் தொடங்கிவிடும், ஐப்பசி கார்த்திகைவரை ஈரம் போகாது. அதனால் மழைக்கால விறகை மாசி, பங்குனிக்குள் வெட்டி, பிளந்து, சித்திரை வெயிலில் காயவிட வேண்டும். பிளக்காத உருண்டைக் கட்டை பட்டைக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தரையில் நேராக அடுக்காமல் அடியில் இரண்டு கல் போட்டு, காற்று புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போட்டால் போதும். நாலு பக்கமும் மூடினால் உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். அடுப்புக்கு மேலே பரணில் வைத்து உலர்த்துவது பழைய, நல்ல பழக்கம். தீ நாக்கு எட்டாத உயரமாகவும் அங்கே ஓலை, கோணிச்சாக்கு இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எரிக்கக் கூடாதவையும் உண்டு. சேராங்கொட்டை மரத்தின் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்பது மலைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதன் புகையும் அப்படித்தான், முகம் வீங்கிவிடும். அரளிக் குச்சி நஞ்சு. பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட் துண்டு, பற்றவைக்கப் போடும் பிளாஸ்டிக் கவர் எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கும் பழக்கத்தால் கையும் முகமும் வெந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள்.

சின்ன நெருப்பு, நல்ல நெருப்பு

அடுப்பு வாய் முழுக்க விறகைத் திணித்துவிட்டு வேறு வேலைக்குப் போவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. வாய் அடைபட்டால் காற்று போகாது, காற்று போகாவிட்டால் புகைதான். கட்டைவிரல் தடிமனுக்குப் பிளந்த மூன்று நான்கு குச்சிகளைச் சற்று இடைவெளி விட்டு வைத்து, முனை எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே வந்தால் தீ சீராக நிற்கும். அடியில் ஒரு பழைய கம்பி வலையைப் போட்டுக் கட்டையைத் தூக்கி வைத்தால் கீழிருந்தும் காற்று ஏறும். சாம்பலைத் தினமும் அள்ளிவிட வேண்டும்.

பானைக்கும் அடுப்புக் குமிழுக்கும் நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளி போதும். அதற்கு மேல் போனால் தீ பானையைத் தொடாமல் பக்கவாட்டில் ஓடிவிடும். அதனால்தான் மூன்று கல் கூட்டிய அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கோ சற்று மேலோதான் பானைக்குப் போய்ச் சேர்கிறது. மண் பூசிய கொடியடுப்பு இதைவிட மேல், பக்கத்து வாயில் ரசமோ வெந்நீரோ தயாராகிவிடும். மூடி போட்டுச் சமைப்பது, பயறையும் கொள்ளையும் முதல் நாள் இரவே ஊறவைப்பது எல்லாம் அடுப்பு எரியும் நேரத்தைக் குறைக்கும்.

சமையல் முடிந்ததும் கொள்ளியை அடுப்பிலேயே விட்டுவைக்காதீர்கள். தீ அணைந்து கனியும் கட்டைதான் அதிகம் புகையும். வெளியே இழுத்து மணலில் செருகிவிட்டால் மறுநாள் சீக்கிரம் பற்றும்.

புகைபோக்கி வைத்தால் போதுமா?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1980-களில் உருவான அஸ்த்ரா அடுப்பு, மூடிய தீக்குழியும் புகைபோக்கியுமாகக் கர்நாடகக் கிராமங்களுக்குப் போனது. நாடு முழுக்கவும் அரசே மேம்பட்ட அடுப்புகளை லட்சக்கணக்கில் கட்டிக் கொடுத்தது. அவற்றில் பல சில ஆண்டுகளில் உடைந்தோ கைவிடப்பட்டோ போயின. ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களிடம் புகைபோக்கி அடுப்பு கொடுத்து பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோவும் சகாக்களும் நடத்திய ஆய்வு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. முதல் ஆண்டில் புகை குறைந்தது. அதற்குப் பிறகு பயன் இல்லை, ஏனென்றால் குழாயைச் சுத்தம் செய்யவோ விரிசலைப் பூசவோ யாரும் இல்லை.

ஆகவே புகைபோக்கி வைப்பவர் மாதம் ஒருமுறை அதில் கரியைத் தட்டி எடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். வீட்டில் அதை யார் செய்வது என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. அடுப்படி வேலை என்று பெண்கள் தலையிலேயே இதையும் கட்டாமல் ஆண்கள் கூரை ஏறலாம். புல் வேய்ந்த கூரையைத் துளைத்துக் குழாயைக் கொண்டுபோக வேண்டாம், தீப்பிடிக்கும். மண்சுவர் வழியே வெளியே எடுத்து, கூரையை விட்டு விலகி, மோட்டைவிட இரண்டடி உயரம் போகும்படி நிறுத்துங்கள்.

குழாய்க்கு வழியில்லாத வீட்டில் அடுப்புக்கு நேர் எதிரே ஒரு சன்னலும் மேலே ஒரு சந்தும் விட்டாலே மூச்சுவிட முடியும். மழையில்லாத நாளில் தாழ்வாரத்தில் சமைக்கலாம். புகை இருந்தால்தான் கூரைப்புல் கரையான் பிடிக்காது, தானியம் வண்டு விழாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. அதற்கு வாரம் ஒருநாள் ஆளில்லாத நேரத்தில் மூட்டம் போட்டால் போதாதா? குழந்தையையும் கர்ப்பிணியையும் தினமும் அதில் உட்காரவைக்க வேண்டியதில்லை.

புகையாத கங்கு ஆளைக் கொல்லும்

குளிருக்காகக் கங்கைச் சட்டியில் அள்ளி வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது உயிருக்கு ஆபத்து. புகை வரவில்லையே என்று ஏமாந்துபோகிறோம். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்கு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், கோழி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்களில் இருவர் விடியும்போது உயிரோடு இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு ஒரே நேரத்தில் வீட்டில் பலருக்கு வந்தால் உடனே எல்லோரும் வெளியே வாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

தீக்காயம் பட்டால்

நைலான், பாலியஸ்டர் சேலை தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்படிக்குப் பருத்தியே மேல், முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். துணி பற்றிக்கொண்டால் ஓடாதீர்கள். தரையில் படுத்துப் புரள வேண்டும், அல்லது கம்பளியால் போர்த்தி அணைக்க வேண்டும். காயத்தின் மேல் இருபது நிமிடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். குழாய் இல்லாவிட்டால் குடத்திலிருந்து சொம்பு சொம்பாக ஊற்றினாலும் சரி. பேஸ்ட், மை, நெய், மஞ்சள் எதையும் பூச வேண்டாம். அதைச் சுரண்டி எடுக்கும்போது மருத்துவமனையில் இரட்டை வேதனை.

இருமலை அடுப்பின் மேல் போடாதீர்கள்

‘அது அடுப்புப் புகையால் வரும் இருமல்’ என்று தள்ளிப்போட்டு வந்தவர்களில் சிலருக்குக் காசநோய் இருக்கும். புகையிலேயே இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. படி ஏறினால் மூச்சிரைப்பு, விடியற்காலையில் சளி, மங்கும் பார்வை இவற்றை வயதின் கணக்கில் எழுதிவிடாமல், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வரும்போது அவரிடம் சொல்லுங்கள். குழந்தை வேகமாக மூச்சுவிட்டாலோ மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கினாலோ அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு நிலையத்தில் அந்தப் பரிசோதனைக்கும் காசில்லை, நோய் இருந்தால் தரும் மருந்துக்கும் காசில்லை.