ஊசியச்சமும் அதனை வெல்லும் வழிகளும்

அச்சங்கள் பலவகைப்படும். இருளுக்கு அஞ்சுவோர் உளர். பாம்புக்கும் இடிக்கும் அஞ்சுவோர் உளர். இவர்களுக்கெல்லாம் உலகம் ஓரளவு இரக்கங் காட்டுகின்றது. ஆனால், வளர்ந்த ஆடவர் ஒருவர் தடுப்பூசி ஏற்றும் அறையின் வாயிலில் முகம் வெளிறி வியர்த்து நிற்பாராயின், அவரைக் கண்டு நகைப்போரே மிகுதி. அந்நகைப்புக்கு நாணி அவர் தமது அச்சத்தை மறைத்துவிடுகின்றார். “இன்று நேரமில்லை”, “தடிமன் பிடித்திருக்கிறது”, “அடுத்த கிழமை பார்த்துக்கொள்ளலாம்” என்று சாக்குகள் கூறி நாளைக் கடத்துகின்றார். மறைக்கப்படும் அச்சத்துக்கு மருந்தில்லை. ஆகவே, ஊசியச்சம் என்பது யாது, அது எவ்வாறு தோன்றுகின்றது, அதனை வெல்லும் வழிகள் எவை என்பவற்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

இவ்வச்சம் ஒருசிலருக்கே உரியதன்று. சிறுபிள்ளைகளுட் பெரும்பாலோர் ஊசிக்கு அஞ்சுகின்றனர். வயது ஏற ஏற அச்சம் குறைகின்றதெனினும், இளவயதினருள் ஏறத்தாழ நால்வருள் ஒருவரிடம் அது தங்கிவிடுகின்றது. 2021 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக ஆய்வாளர் பிரித்தானியாவிலே பதினையாயிரம் பேரிடம் வினாக்கள் கேட்டு ஆராய்ந்தபொழுது, ஏறத்தாழக் காற்பங்கினரிடம் ஊசி, இரத்தம், காயம் என்பன பற்றிய மிகுந்த அச்சத்தின் அறிகுறிகளைக் கண்டனர். கொரோனாத் தடுப்பூசியை ஏற்றுக்கொள்ளத் தயங்கியோரின் தயக்கத்திலே ஏறத்தாழப் பத்திலொரு பங்குக்கு இவ்வச்சமே காரணமாயிருந்ததென அவர்கள் கணித்தனர். மருந்தை நம்பாமையால் மறுப்போர் ஒருபுறமிருக்க, மருந்தை நம்பியும் ஊசிக்கு அஞ்சி விலகுவோர் மற்றொருபுறம் உளர் என்பது இதனாற் புலனாகும்.

இத்தகைய விலகல் எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கலாம் என்பதற்குச் சோமாலியா நாட்டிலே ஒரு சான்று உண்டு. உலகம் முழுவதும் பெரியம்மையை ஒழிக்கும் பணி முடிவை எட்டிக்கொண்டிருந்த 1977 ஆம் ஆண்டு அது. மேர்க்கா என்னும் பட்டினத்து வைத்தியசாலையிற் சமையற்காரராக அலி மாவ் மாலின் என்னும் இளைஞர் பணிபுரிந்தார். அம்மைப்பால் ஏற்றும் வசதி அவர் பணியிடத்திலேயே இருந்தது. ஆயினும், குத்தினால் நோகும் என்று அஞ்சி அவர் அதனைத் தவிர்த்து வந்தார். பிற்காலத்தில் இதனை அவரே கூறியுள்ளார். அவ்வாண்டு ஒக்டோபரில் அம்மை கண்ட இரு சிறுவர்களை ஏற்றிவந்த வாகனத்துக்கு வழிகாட்டியாகச் சில நிமிட நேரம் உடன் சென்றார். அச்சிறு பயணத்திலேயே நோய் அவரைத் தொற்றிக்கொண்டது. அவரிடமிருந்து மேலும் பரவாதிருக்க அப்பட்டினத்திலும் சுற்றுப்புறத்திலும் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு அம்மைப்பால் ஏற்றவேண்டியதாயிற்று. நற்பேறாக அவர் பிழைத்தார், நோயும் பரவவில்லை. இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய கடைசி மனிதர் என்று வரலாற்றிலே அவர் இடம்பெற்றார். பின்னர் அவர் இளம்பிள்ளைவாத ஒழிப்புப் பணியிற் சேர்ந்து, தடுப்பு மருந்துக்குத் தயங்கிய பெற்றோருக்குத் தம் கதையையே எடுத்துச் சொல்லி வந்தார். 2013 ஆம் ஆண்டில், அப்பணியில் ஈடுபட்டிருந்த காலத்திலேயே மலேரியாவினால் உயிர்நீத்தார்.

ஊசியச்சத்தை ஆராய்ந்தோர் அதனுள் இருவேறு நிலைகளைக் கண்டுள்ளனர். இவற்றைப் பிரித்தறிதல் மிக முக்கியமாகும். ஏனெனில் ஒன்றுக்கு ஏற்ற பரிகாரம் மற்றதற்கு ஒவ்வாது.

முதலாவது, ஏனைய அச்சங்களைப் போன்றது. ஊசியைக் கண்டதும் நெஞ்சு படபடக்கும், மூச்சு விரையும், உள்ளங்கை வியர்க்கும், ஓடிவிடவேண்டும் என்னும் உந்துதல் எழும். இரண்டாவது, ஊசிக்கும் இரத்தத்துக்கும் காயத்துக்குமே சிறப்பாக உரியது. இதிலும் தொடக்கத்தில் நெஞ்சு விரைந்தே அடிக்கும். பின்னரோ, நிலைமை திடீரெனத் தலைகீழாகின்றது. மூளையிலிருந்து இருதயத்துக்கும் வயிற்றுக்கும் செல்லும் ஒரு நரம்பின் தூண்டுதலால் இருதயத் துடிப்புத் தளர்கின்றது; கால்களிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன; இரத்த அமுக்கம் வீழ்கின்றது. மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையவே, கண் இருண்டு, காது அடைத்து, மனிதர் மயங்கிச் சாய்கின்றார். இவ்வியல்பு பெரும்பாலும் குடும்பவழியாக வருவது. போர்க்களத்தில் அஞ்சாதவருக்கும் இது நேரலாம். எனவே, ஊசி போடும்போது மயங்குபவரைக் கோழையென்று இகழ்தல், கண்பார்வை குன்றியவரைச் சோம்பேறி என்று இகழ்வதற்கு ஒப்பாகும்.

மயங்கும் இயல்பு பிறப்போடு வருவதாயினும், அச்சத்தின் பெரும்பகுதி வளர்ப்பினால் வருவதே. “குழப்படி செய்தால் டொக்டரிடம் கொண்டுபோய் ஊசி போடுவிப்பேன்” என்று வெருட்டாத வீடுகள் நம் நாட்டிற் சிலவே. பிள்ளையைக் காக்கும் மருந்து இவ்வாறு பிள்ளையைத் தண்டிக்கும் கருவியாகிவிடுகின்றது. பழைய செய்திகளும் அச்சத்தை வளர்க்கின்றன. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பேச்சு இன்னும் ஊர்களிற் கேட்கின்றது. அம்முறை கைவிடப்பட்டுப் பல ஆண்டுகளாகின்றன. இன்று கையிலே சில முறை ஏற்றும் மருந்தே வழங்கப்படுகின்றது. விசர்நாய்க் கடி நோயோ, அறிகுறிகள் தோன்றிவிட்டால் அனேகமாக உயிர்தப்ப இடமளியாதது. வழக்கொழிந்த ஊசிக்கு அஞ்சி, வந்தால் மீளாத நோயை ஏற்பது எத்துணைப் பேதைமை!

இனிப் பரிகாரங்களை நோக்குவோம். மயங்கும் இயல்புடையோருக்குச் சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் கோரன் ஒஸ்ட் என்பவர் 1980களில் எளிய முறையொன்றை வகுத்தார். இரத்த அமுக்கம் வீழ்வதே மயக்கத்துக்குக் காரணமாதலின், தசைகளை இறுக்கி அவ்வமுக்கத்தை உயர்த்துவதே அம்முறை. நாற்காலியில் அமர்ந்து, கைகள், கால்கள், வயிறு ஆகியவற்றின் தசைகளைப் பத்து முதல் பதினைந்து விநாடி வரை இறுக்குதல் வேண்டும். முகத்திலே வெம்மை ஏறுவதை உணரலாம். பின்னர் இருபது அல்லது முப்பது விநாடிக்கு இயல்பு நிலைக்கு வரவேண்டும், முற்றாகத் தளர்ந்துவிடலாகாது. இவ்வாறு ஐந்து முறை செய்க. ஊசி ஏற்றும் நாளுக்கு ஒரு கிழமை முன்பிருந்தே நாள்தோறும் சில தடவை பழகிக்கொண்டால், வேண்டிய வேளையில் உடல் தானாகவே அதனைச் செய்யும். ஊசி ஏறும் கையை மட்டும் தளர்வாக விடவேண்டும். இறுகிய தசையில் ஏற்றினால் நோவு மிகும். உயர் இரத்த அமுக்கமோ இருதய நோயோ உடையவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்ட பின்னரே இதனைச் செய்தல் தகும்.

மயங்கும் இயல்பில்லாது, படபடப்பு மட்டும் உடையோருக்கு இதற்கு மாறான முறையே பொருந்தும். அவர்கள் உடலைத் தளர்த்தி, மெதுவாக மூச்சை உள்ளிழுத்து, அதைவிட மெதுவாக வெளிவிடுதல் நன்று. ஆழ்ந்து மூச்செடுக்க வேண்டுமென்று எண்ணி விரைந்து விரைந்து இழுப்பது கூடாது. அதனால் விரல்கள் விறைத்துத் தலை சுற்றுமேயன்றிப் படபடப்புக் குறையாது.

இவ்விரு சாராருக்கும் பொதுவான வழி, அச்சத்தைப் படிப்படியாக அணுகுவது. ஆழமான குளத்தில் ஒரேயடியாகக் குதிப்பவர் தத்தளிப்பார். படிகளில் ஒவ்வொன்றாக இறங்குபவர் நீரின் குளிர்ச்சிக்குப் பழகுவார். முதலில் ஊசியின் படத்தைப் பார்த்தல், பின்னர் ஊசி ஏற்றப்படும் காட்சியைப் பார்த்தல், பின்னர் மருந்தில்லாத ஊசிக்குழலை, முனையில் ஊசி பூட்டாது, கையில் எடுத்தல், பின்னர் ஊசி ஏற்றும் இடத்துக்குச் சென்று பிறருக்கு ஏற்றுவதைக் காணல் என்று படிகளை அமைத்துக்கொள்ளலாம். ஒரு படியில் நெஞ்சு அமைதியடையும் வரை அங்கேயே நிற்றல் வேண்டும். பாதியில் ஓடினால் அச்சமே வென்றதாகும். பல ஆண்டுகளாக வைத்தியசாலைப் பக்கமே செல்லாத அளவுக்கு அச்சம் முற்றியவர்கள் உளவள வைத்தியரை நாடலாம். தேர்ந்தவரின் வழிகாட்டலில், இரண்டு மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்விலேயே பலர் பெரும்பயன் அடைந்துள்ளனர்.

ஊசியின் உண்மைத் தன்மையை அறிதலும் அச்சத்தைக் குறைக்கும். தடுப்பூசிக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் ஊசியின் பருமன் அரை மில்லிமீற்றரை ஒட்டியதே. மருந்து பெரும்பாலும் அரை மில்லிலீற்றர்; அஃதாவது, சில துளிகள். உட்செலுத்தி வெளியே எடுக்கச் சில விநாடிகள் போதும். ஒருமுறை பயன்படுத்திய ஊசி மீண்டும் பயன்படுத்தப்படுவதில்லை. முன்னைய தலைமுறையினர் கண்ணாடிக் குழலையும் நீரிற் கொதிக்கவைத்து மீளப் பயன்படுத்திய தடித்த ஊசியையும் கண்டவர்கள். அவர்கள் கூறும் அனுபவம் அக்காலத்துக்கே உரியது.

ஊசி ஏற்றும் நாளன்று வெறுவயிற்றுடன் செல்லாதிருத்தல் நன்று. உணவுண்டு, போதிய நீர் அருந்திச் செல்லவேண்டும். சட்டைக் கையை எளிதில் மேலே தூக்கக்கூடிய ஆடையை அணிதல் நலம். எல்லாவற்றினும் முக்கியமானது, “எனக்கு ஊசி என்றாற் பயம், முன்பு மயங்கியிருக்கிறேன்” என்று தாதியிடம் வெட்கமின்றிக் கூறிவிடுவது. அவ்வாறு கூறினால், படுத்த நிலையிலேயே ஏற்றிவிடுவார். படுத்திருப்பவர் மயங்கி விழுவதில்லை. ஊசியைப் பார்ப்பதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்பது அவரவர் விருப்பம்; எதில் மனம் அமைதியடைகின்றதோ அதனைச் செய்யலாம். ஏற்றிய பின் பதினைந்து நிமிடமேனும் அங்கே அமர்ந்திருத்தல் வேண்டும். யாரேனும் மயங்கினால், அவரைத் தூக்கி நிறுத்த முயலாது, கிடத்திக் கால்களைச் சற்று உயர்த்தினாற் போதும். சிறிது நேரத்திலே தெளிந்துவிடுவார். ஆனால், உடலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் என்பன தோன்றினால், அது அச்சத்தின் விளைவன்று, ஒவ்வாமையாக இருக்கலாம். மிக அரிதாகவே நேரும் அதற்கு உடனே மருந்து கொடுக்கவேண்டும். பொறுத்திருக்கச் சொல்வதன் காரணமும் இதுவே.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவுரைகள் தாய்மாருக்குப் பெரிதும் பயன்படுவன. கைக்குழந்தைக்கு ஊசி ஏற்றும்போதோ அதற்குச் சற்று முன்னரோ தாய்ப்பால் ஊட்டினால் நோவு குறையும். குழந்தையை மேசையிற் கிடத்தி அமுக்கிப் பிடிப்பதிலும், தாய் தன் மடியில் அணைத்து வைத்திருப்பது நன்று. ஒரே நாளில் இரண்டு மருந்து ஏற்றுவதாயின், அதிகம் நோவதைப் பின்னுக்கு வைத்தல் வேண்டும். சற்று வளர்ந்த பிள்ளையிடம் “நோகவே நோகாது” என்று பொய் கூறலாகாது. நொந்ததும் பிள்ளை ஊசியை மட்டுமன்றித் தாயின் சொல்லையும் நம்பாது விட்டுவிடும். “ஒரு நுள்ளுப் போல இருக்கும், நீ ஐந்து எண்ணி முடிக்க அதுவும் முடிந்துவிடும்” என்று உண்மையைக் கூறுவதே முறை. ஊதுகுழலோ கதையோ பாட்டோ கொண்டு கவனத்தைத் திருப்பலாம். முடிந்தபின், அழுததைச் சொல்லிக் கேலி செய்யாது, கையை அசைக்காது வைத்திருந்ததைச் சொல்லிப் பாராட்டினால், அடுத்த முறைக்கு நல்ல நினைவே எஞ்சும்.

பாடசாலைகளில் ஊசி ஏற்றும்போது தனிச் சிக்கலொன்று உண்டு. அச்சம் தொற்றும் இயல்புடையது. நீண்ட வரிசையில் நிற்கும் பிள்ளைகள், முன்னே ஒருத்தி மயங்கி விழக் கண்டால் ஒருவர்பின் ஒருவராகச் சாய்வதுண்டு. 1998 ஆம் ஆண்டில் யோர்தான் நாட்டுப் பாடசாலைகளில் ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் என்பவற்றுக்கான ஊசி ஏற்றப்பட்டபின், எண்ணூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தமக்கு மருந்து தீங்கு செய்துவிட்டதென நம்பினர். நூற்றிருபத்திரண்டு பேர் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர். ஆராய்ந்தபொழுது, மிகப் பெரும்பாலோருக்கு நேர்ந்தது அச்சத்தின் விளைவே, மருந்தின் குற்றமன்று என்று தெரியவந்தது. பிள்ளைகள் நடித்தார்கள் என்பது இதன் பொருளன்று. அவர்கள் பட்ட துன்பம் மெய்யானதே.

இலங்கையிலே ஆறாம் வகுப்பு மாணவியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தப்பட்டது. பத்துப் பதினொரு வயதில் இரண்டு விநாடி நோவுக்கு அஞ்சி விலகும் சிறுமி, நடுவயதில் வரக்கூடிய கொடிய நோய்க்குக் கதவைத் திறந்து வைத்தவளாகின்றாள். அதனைத் தடுக்கும் பொறுப்பு அவளிடம் மட்டும் விடத்தக்கதன்று. ஊசி ஏற்றும் இடத்தைத் தட்டியால் மறைத்தல், பிள்ளைகளைச் சிறு சிறு குழுக்களாக அழைத்தல், அமரச்செய்து ஏற்றுதல், அஞ்சும் பிள்ளையை வெகுநேரம் காத்திருக்கவிடாது முன்னதாகவே தனியே அழைத்து முடித்தல், தோழி ஒருத்தியை உடனிருக்க விடுதல் ஆகிய சிறு ஏற்பாடுகளுக்குப் பணம் வேண்டியதில்லை. ஆசிரியரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் முதல் நாளே கலந்து பேசினாற் போதும்.

அச்சம் அறவே நீங்கிய பின்னரே ஊசி ஏற்றிக்கொள்வேன் என்று இருப்பவர் என்றுமே ஏற்றிக்கொள்ளமாட்டார். அச்சம் இருக்கும்பொழுதே, அதன் இயல்பை அறிந்து, அதற்குரிய முறையைக் கைக்கொண்டு, கையை நீட்டுவதே இயலக்கூடிய காரியம். ஒருமுறை அவ்வாறு செய்தவருக்கு மறுமுறை எளிதாகும். அவரை அறைக்கு அழைத்துச் செல்லும் உறவினரும் அங்கே வரவேற்கும் தாதியும் நகையாது நாலு நல்ல வார்த்தை சொல்வாராயின், பாதி அச்சம் வாயிலிலேயே நீங்கிவிடும்.