இணங்கவைக்கும் கலை: மயிலாப்பூர் நாவலர் தரும் பாடம்

பிறர் உள்ளத்தை நம் கருத்தின்பால் ஈர்ப்பது எங்ஙனம் என்பது அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாவாகும். பேசுவோரின் நற்பண்பு, கேட்போரின் மனநிலை, எடுத்துரைக்கும் வாதம் என்னும் மூன்றே அதற்குரிய கருவிகள் என்றார் அரிஸ்டாட்டில். சொற்கலை பற்றிய அவரது நூல் அரபு மொழியில் பெயர்க்கப்பெற்றது. ஃபாராபி, இப்னு ருஷ்து போன்ற பேரறிஞர்கள் அதற்கு உரை வரைந்தனர். நம் வள்ளுவரும் சொல்வன்மைக்கெனத் தனி அதிகாரம் வகுத்துள்ளார்.

இன்று இக்கலையைக் குரலின் ஏற்ற இறக்கமாகவும் கையசைவாகவும் கற்பிக்கக் காண்கிறோம். அவை வேண்டுவனவே, எனினும் முதற்கருவியாகிய நற்பண்பு இல்லாவிடின் பிற இரண்டும் வெறும் தந்திரமாகிவிடும். இதற்குச் சென்னையிலேயே நல்லதோர் சான்று உண்டு.

1869இல் வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கியவர். 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1927இல் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்கா சென்றார். இந்தியரை வெறுத்த வெள்ளையர் அவைகளில் சினமின்றிப் பேசினார். எதிர்த்தரப்பின் அச்சத்தை முதலில் உணர்ந்து, அவர்கள் மதிக்கும் நீதியுணர்வையே துணைக்கு அழைப்பது அவரது முறை. அதே நாவன்மையால் நேட்டால் இந்தியரிடம் கல்விக்கு நிதி திரட்டினார். அதன் பயனாக 1929இல் டர்பனில் சாஸ்திரி கல்லூரி திறக்கப்பட்டது. முதுமையில், 1944இல், மயிலாப்பூரில் அவர் நிகழ்த்திய இராமாயணச் சொற்பொழிவுகள் பின்னர் நூலாயின.

ஆயினும் சொல்லின் எல்லையையும் நாம் மறைத்தல் ஆகாது. நிறவெறியை அவரது நாவன்மை தடுத்து நிறுத்தவில்லை. 1946இல் இந்தியரின் நில உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கு இயற்றப்பட்டது. ஒத்துழையாமை இயக்கத்தை எதிர்த்த அவரால் காந்தியடிகளின் உள்ளத்தை மாற்ற இயலவில்லை. காந்தியடிகளாலும் அவரை மாற்ற இயலவில்லை. ஆனால் இருவரின் அன்பு குறையவில்லை. 1946 ஜனவரியில் நோயுற்றிருந்த சாஸ்திரியாரைச் சென்னையில் காந்தியடிகள் சென்று கண்டார். அவ்வாண்டு ஏப்ரலில் சாஸ்திரியார் மறைந்தார்.

இவ்விடத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கருத்து நம் நினைவுக்கு வருகிறது. வாதிப்பவர் தொலைந்த பொருளைத் தேடுபவரைப் போல் இருத்தல் வேண்டும் என்பது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் அவர்கள் வகுத்த நெறி. பொருள் தம் கையில் கிடைத்தாலென்ன, எதிராளியின் கையில் கிடைத்தாலென்ன? தேடியவருக்கு மகிழ்ச்சியே. வெற்றியை மட்டும் நாடுபவருக்கோ எதிராளியின் உண்மை துயரமாகிவிடுகிறது.

ஆகவே இக்கலையைப் பயில விழைவோர் மூன்றினைக் கடைப்பிடித்தல் நலம். மறுதரப்பின் கருத்தை, அவரே ஒப்பும் வண்ணம், முதலில் எடுத்துரைத்தல். அதில் மெய்யானதைத் தயங்காது ஏற்றல். இணங்குபவர் தம் மானம் குன்றாமல் இணங்க இடமளித்தல். குடும்பத்திலும், ஜமாஅத்திலும், பொதுமன்றத்திலும் இம்முறை பயன் தரும்.

நாம் கூறியது ஏற்கப்படாத நாளிலும் நட்பு எஞ்சுமாயின், நாளை மீண்டும் பேசுவதற்குக் கதவு திறந்தே இருக்கும். உறவை இழந்து பெறும் வெற்றியோ அக்கதவை அடைத்துவிடுகிறது.