உங்களுக்குத் தெரியுமா? குழந்தை நாக்கில் போகாத வெள்ளை

பால் குடிக்கும் குழந்தையின் நாக்கு வெள்ளையாக இருந்தால் ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். வெறும் பால் என்றால் வந்துவிடும். கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்க்கட்டி போல ஒட்டிக்கொண்டு துடைத்தாலும் போகாவிட்டால், அது ‘கேண்டிடா’ என்ற பூஞ்சையாக இருக்கலாம். இது தாய்க்கும் தொற்றியிருந்தால் மார்புக்காம்பு சிவந்து பளபளக்கலாம். பால் கொடுத்து முடித்த பிறகும் சுருக்கென்று எரியலாம். (குழந்தை சரியாகக் கவ்வாவிட்டாலும் வலிக்கும், அதையும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.)

ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் மற்றவரிடமிருந்து மறுபடி தொற்றும். அதனால் மருத்துவர் இருவருக்கும் சேர்த்தே பூஞ்சை மருந்து தருவார். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. சூப்பான், பால்புட்டி ரப்பர் எல்லாவற்றையும் தினமும் கொதிக்க வையுங்கள். எடுத்து வைத்த பாலை ஃப்ரீஸரில் உறைய வைத்தாலும் இந்தப் பூஞ்சை சாகாது. நாக்கில் தேன் மட்டும் தடவிவிடாதீர்கள்: ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் போட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோய் வரலாம்.