பழைய மடிக்கணினிக்கும் ஒரு 'டிரைவர்' தேவை

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் 'டிரைவர்' என்றதும் செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லோரி ஓட்டுநர்தான் நினைவுக்கு வருவார். கணினிக்குள்ளும் ஒரு டிரைவர் உண்டு. அது மென்பொருள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியைத் தூக்கி எறியாமல், அதில் இலவச லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் அதன் உறுப்புகள் வேலை செய்ய டிரைவர் வேண்டும்.

திரையைச் சுழற்றும் அசைவு உணரியை எடுத்துக்கொள்வோம். அந்தச் சிப் வெறும் எண்களைத்தான் தரும். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் உள்ள டிரைவர் அவற்றை வாசித்து, கணினி எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதை அறிய உதவுகிறது. சில மாடல்களில் சிப் வேறு திசையில் பொருத்தப்பட்டிருக்கும். திரை தவறான பக்கம் திரும்பும். அந்த மாடலுக்கான திசைக் குறிப்பைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

எழுதியதோடு வேலை முடிவதில்லை. ஏறக்குறைய 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வெளிவருகிறது. உள்ளமைப்பை மாற்றுபவர்களே கெர்னலோடு சேர்ந்துள்ள டிரைவர்களையும் திருத்துகிறார்கள். நிறுவனம் தனியாக வைத்துக்கொண்ட டிரைவரோ கவனிப்பாரின்றிப் பின்தங்கலாம். சிப் நன்றாக இருந்தும் பயன்படாமல் போகும்.

லினக்ஸின் மூல நிரல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. திருத்தங்களை மின்னஞ்சலில் அனுப்பலாம். பட்டம் யாரும் கேட்பதில்லை. சி நிரல்மொழி கற்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அங்கே இடமுண்டு.