பொன்முடியிலிருந்து இறங்கினால்

பொன்முடியின் உச்சியில் விடியற்காலையில் நின்று மேற்கே நோக்குகிறவனுக்குத் திருவனந்தபுரம் என்ற நகரம் தெரிவதில்லை. காலடியில் தேயிலைச் சரிவும், அதன் கீழே காடும், காட்டுக்கு அப்பால் ரப்பர்த் தோட்டங்களும், அவற்றுக்கும் அப்பால் தென்னந்தோப்புகளின் முடிவில்லாத பசுமையுமாக விரிந்து சென்று, வானமும் சமுத்திரமும் கலக்கிற இடத்தில் வெளிறிய புகை போல ஏதோ ஒன்று படிந்திருக்கும். 'அதுதான் பட்டணம்' என்று பக்கத்தில் நிற்பவர் கையைக் காட்டினால் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். அதையும் நெடுநேரம் பார்க்க விடுவதில்லை இந்த மலை. சுமார் 3,600 அடி உயரத்தில், எங்கிருந்தோ ஒரு மூடுபனி எழுந்து வந்து, திரையை இழுத்து விட்டாற்போல் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கல்லாற்றின் சலசலப்பைச் செவியில் வாங்கிக்கொண்டு, விதுரை, நெடுமங்காடு வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் பிரயாணம் செய்து பட்டணத்துக்குள் நுழைகிறபோதுதான், புகையாகத் தெரிந்த அந்த ஒற்றை நகரம் எங்கேயும் இல்லை என்பது விளங்குகிறது. பஸ் கண்டக்டர் கூவுகிற பெயர்களைக் கேளுங்கள்: பேரூர்க்கடை, பாளையம், கிழக்கேகோட்டை, சாலை, வலியதுறை. கடை, பாளையம், கோட்டை, சாலை, துறை என்னும் இவற்றில் தமிழனுக்கு மொழிபெயர்ப்பு வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை. இந்தப் பேட்டைகளுக்கு அரசர் பெயரையோ அழகான பெயரையோ யாரும் தேடிச் சூட்டவில்லை. எந்தக் காரியத்துக்காக ஜனங்கள் அங்கே வந்து சேர்ந்தார்களோ, அந்தக் காரியமே பெயராகி நின்றுவிட்டது. வந்து சேர்ந்தவர்கள் யார், எதற்காக வந்தார்கள் என்று விசாரித்துப் பார்த்தால், ஒவ்வொரு பேட்டையின் சுபாவமும் தானே பிடிபட்டுவிடும்.

மலையடியிலிருந்து பாளையம் வரை

நெடுமங்காட்டுப் பக்கமிருந்து வருகிறவனை முதலில் எதிர்கொள்வது பேரூர்க்கடை. இன்று நெரிசல் மிகுந்த நாற்சந்தியாக இருக்கும் இந்த இடம், தமிழ்நாட்டில் அரசு விழா நடக்கும்போதெல்லாம் சபையோர் எழுந்து நிற்கிற தமிழ்த்தாய் வாழ்த்தோடு சம்பந்தப்பட்டது என்று சொன்னால், அங்கே பஸ்ஸுக்கு நிற்பவர்களிலே பலர் நம்பமாட்டார்கள். ஆலப்புழையிலே பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய சுந்தரம் பிள்ளை, 1891ஆம் வருஷம் 'மனோன்மணீயம்' என்னும் நாடகத்தை வெளியிட்டார். வாழ்த்து அந்த நாடகத்தின் பாயிரத்தில் உள்ளது. தமக்குக் குருவாக இருந்த ஹார்வி துரையின் ஞாபகமாக 'ஹார்விபுரம்' என்று பெயரிட்டு அவர் வாழ்ந்த இல்லம் இந்தப் பேரூர்க்கடையில்தான் இருந்தது. தமிழின் வாழ்த்தை இயற்றியவர் மலையாள தேசத்தின் தலைநகரிலே, ஒரு வெள்ளைக்காரர் பெயர் தாங்கிய வீட்டிலே குடியிருந்தார் என்பது இந்த ஊருக்கு மிகவும் இயல்பான சங்கதி.

அங்கிருந்து கவடியார் வரையில் வீதி அகன்று, மரங்கள் உயர்ந்து, மதில்கள் நீண்டு, மனிதர் குரல் தாழ்ந்துபோகிறது. அரண்மனையும் பங்களாக்களும் நிறைந்த இந்தப் பகுதியில், கோல்ஃப் லிங்க்ஸ் சாலையிலிருந்த தம் வீட்டில், கும்பகோணத்திலே பிறந்து சிறு வயதிலே இங்கு வந்துவிட்ட டி. கே. துரைசாமி என்ற ஆங்கில ஆசிரியர் வாழ்ந்துவந்தார். 'நகுலன்' என்ற புனைபெயரில் அவர் எழுதிய கவிதைகளையும் நாவல்களையும் படித்தவர்களுக்கு, அவற்றின் தனிமையும் பேச்சுக்கு நடுவில் விழுகிற மௌனமும் இந்த வீதிகளில் நடக்கும்போது நினைவுக்கு வராமல் இரா.

அமைதி பாளையத்தில் முடிகிறது. திருவிதாங்கூர்ப் படைகள் தங்கியிருந்த இடம் அது. படை போய் நெடுங்காலமாயிற்று, பெயர் மட்டும் தங்கிவிட்டது. மாதா கோயிலும், அதற்கு எதிரே மசூதியும், மசூதியை ஒட்டியே பிள்ளையார் கோயிலும் ஒரே கூப்பிடு தூரத்தில் அமைந்திருப்பதைக் காட்டி, மத நல்லிணக்கத்துக்கு உதாரணமாகப் பிரசங்கிகள் பேசுவார்கள். பிரசங்கத்துக்கு அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். பல ஊர்களிலிருந்து திரட்டப்பட்ட சிப்பாய்கள் குடியிருந்த இடத்தில் அவரவர் தெய்வமும் கூட வந்து குடியேறுவது சகஜந்தானே? அருகிலேயே சென்னை கவர்னராயிருந்த கன்னிமரா பிரபுவின் பெயரில் அமைந்த சந்தையும் இருக்கிறது. காய்கறிக் கூடையும் மீன் கூடையும் கல்லூரி மாணவரின் புத்தகப் பையும் ஒரே நடைபாதையில் உரசிக்கொண்டு போகின்றன.

அடுத்த நிறுத்தத்தின் பெயர் 'ஸ்டாச்சு'. அங்கே சிலையாக நிற்பவர் 1828இல் கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூர் திவானாகிய சர் டி. மாதவராவ். அவர் காலத்தில் எழுந்து 1869இல் பூர்த்தியான தலைமைச் செயலகத்துக்கு எதிரே அவரை நிறுத்தி வைத்தார்கள்; ஜனங்களோ நாளடைவில் ஆளின் பெயரை மறந்து, சிலையைப் பஸ் நிறுத்தமாக ஆக்கிவிட்டார்கள். நாள் தவறாமல் ஏதாவதொரு சங்கத்தார் கொடி பிடித்து, கோஷமிட்டு, உண்ணாவிரதமிருக்கும் வீதி அது. ராஜாங்கத்தை ஒழுங்குபடுத்திய திவான், ராஜாங்கத்தின் மீது குறை கூற வருகிறவர்களை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கும்பகோணம் அனுப்பிய இருவரில் ஒருவர் கூச்சலுக்கு நடுவிலும் மற்றவர் மௌனத்துக்கு நடுவிலும் இடம் பெற்றது இந்த நகரத்தின் விநோதங்களில் ஒன்று.

கோட்டையும் சாலையும்

கிழக்கேகோட்டை வாசலைத் தாண்டினால் காலம் வேறு. தர்மராஜா என்று புகழ்பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மா மகாராஜா 1795இல் தலைநகரைப் பத்மநாபபுரத்திலிருந்து இங்கே மாற்றினார். அதற்கு முன்பே, 1750இல், மார்த்தாண்டவர்மா ராஜ்யம் முழுவதையும் ஸ்ரீ பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணம் செய்து, தாம் தாசனாக நின்று ஆண்டார். ஆகவே கோட்டைக்குள் எல்லாமே சுவாமியைச் சுற்றித்தான். ஏழு நிலைக் கோபுரம் பாண்டி நாட்டுச் சாயலில் எழுந்து நிற்க, அதன் அடியிலே ஈரத் தலையும் வெள்ளை முண்டுமாக ஜனங்கள் ஓசையின்றி நடக்கிறார்கள். எதிரே மேத்தன் மணி என்னும் பழைய கடிகாரம். மணி அடிக்கிறபோதெல்லாம் தாடிக்கார முகம் ஒன்று வாயைத் திறக்க, இரண்டு ஆட்டுக்கடாக்கள் இரு கன்னங்களிலும் வந்து முட்டும். தரிசனத்துக்கு வந்த குழந்தைகளுக்குப் பெருமாளைவிட இந்த முட்டல்தான் பெரிய விசேஷம். ஸ்வாதித் திருநாள் மகாராஜா தஞ்சாவூரிலிருந்து வந்த நர்த்தகி ஒருத்திக்கு அளித்த மாளிகை 'தஞ்சாவூர் அம்மவீடு' என்று இன்றும் பெயர் சொல்லுகிறது. நீல பத்மநாபன் இந்த ஊரை வைத்து எழுதிய நாவலுக்குப் 'பள்ளிகொண்டபுரம்' என்று பெயரிட்டார். அதைவிடப் பொருத்தமான பெயர் வாய்த்திருக்க முடியாது.

கோட்டை வாசலுக்கு எதிரே சாலைக் கம்போளம். திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்திய கடைவீதி அது. கோட்டைக்குள் எவ்வளவு ஓசையடக்கமோ, அவ்வளவுக்கும் சேர்த்து வட்டியோடு இங்கே சத்தம். வெங்காய மூட்டை, வெற்றிலைக் கட்டு, பித்தளை உருளி, கொப்பரை, சுருட்டு, ஊதுபத்தி என்று ஒவ்வொரு சந்துக்கும் ஒரு மணம். கண்ணைக் கட்டிவிட்டாலும் மூக்கின் துணையாலேயே வழி கண்டுபிடித்துவிடலாம். இந்த வீதியில் பாத்திரக்கடை வைத்து, தராசுக்கும் கல்லாவுக்கும் நடுவே உட்கார்ந்து, சுமட்டுக்காரரையும் போக்கிரிகளையும் அநாதைகளையும் கதைகளாக எழுதியவர் ஆ. மாதவன். கடை வைத்திருந்தவர் கடைத்தெருவை எழுதியதனாலே அவருடைய கதைகளில் அநுதாபம் உண்டு, அசடு வழிகிற பச்சாத்தாபம் கிடையாது. 2015இல் அவருக்குச் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது, 2021இல் காலமானார்.

நான் சென்றது காலை ஐந்தரை மணிக்கு. தோவாளையிலிருந்து வந்த பூ மூட்டைகளைப் பிரித்து, பிச்சிப்பூவை ஈரத்துணியில் பரப்பிக்கொண்டிருந்த கடைக்காரர், வாங்க வந்த ஒரு சேச்சியிடம் மலையாளத்திலும், மூட்டை தூக்கியவரிடம் தமிழிலும் பேசி, தொகையைத் தமக்குள் நாஞ்சில் நாட்டு ராகத்தில் முணுமுணுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக இந்த ஊரில் என்று கேட்டேன்.

"முப்பது வருசம் ஆச்சு, அண்ணாச்சி. ஊருக்குப் போனா 'மலையாளத்தான் வந்திருக்கான்'னு சொல்லுதானுவ. இங்க 'பாண்டி'ன்னு சொல்லுதானுவ. பூவ மட்டும் ரெண்டு பேரும் கொறச்சுத்தான் கேக்கானுவ."

"அப்படியானால் நீங்கள் எந்த ஊர்க்காரர்?"

அவர் யோசிக்கவேயில்லை. "சாலைக்காரன்" என்றார்.

ராஜ்யங்களும் மாகாணங்களும் தீர்க்க முடியாத வழக்கை ஒரு கடைவீதி தீர்த்துவைத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே, வலியசாலை வரையில் நடந்தேன். அங்கே மும்மூர்த்திகளுக்கும் சந்நிதி உள்ள கோயிலைச் சுற்றி அக்கிரகாரம். ராஜராஜ சோழனுடைய மெய்க்கீர்த்தியில் வருகிற காந்தளூர்ச் சாலை இதுவே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவார்கள். கோலமிட்ட வாசலும் ஒட்டிய திண்ணையுமாகத் தஞ்சை ஜில்லாவின் தெரு ஒன்றைப் பெயர்த்து வைத்தாற்போல இருந்தது.

கடற்கரை

மேற்கே போகப் போக மண் மணலாகிறது. வீடுகள் சிறுத்து நெருங்குகின்றன. 1544இல் பிரான்சிஸ் சவேரியார் கால்நடையாகச் சென்று ஞானஸ்நானம் அளித்த கடற்கரை இது. வலியதுறைப் பாலத்தில் ஒரு காலத்தில் கப்பல் சரக்கு இறங்கிற்று; இன்றைக்குக் கடலே கரையேறி வீடுகளைத் தின்றுகொண்டிருக்கிறது. வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பழைய கிடங்குகளில் தடுப்புத் துணிக்கு இப்பாலும் அப்பாலுமாகக் காலம் தள்ளியதை, நகரத்தின் அழகைப் பேசுகிறவர்கள் மறந்துவிடலாகாது. அந்தக் கரையிலேயே பீமாபள்ளியில் சந்தனக்குட உற்சவம். வடக்கே தும்பாவில் மரிய மக்தலேனாள் கோயில். பூமியின் காந்த மத்தியரேகை அருகில் செல்வதனால் விஞ்ஞானிகள் அந்தக் குக்கிராமத்தைத் தேர்ந்தெடுக்க, ஜனங்கள் தங்கள் கோயிலையே விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21ஆம் தேதி அங்கிருந்து முதல் ராக்கெட் ஆகாயத்தில் எழும்பிற்று. இன்னும் சற்று உள்ளே கழக்கூட்டத்தில் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க், தெற்கே விழிஞ்ஞத்தில் 2025இல் திறக்கப்பட்ட மாபெரும் துறைமுகம் என்று, வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பேட்டைகளைத் தைக்கிற நூல்

இப்படி ஆளுக்கொரு திசையாக நிற்கிற பேட்டைகளை ஒரே நகரமாக்குவது எது? முனிசிபல் எல்லைக்கோடு என்று நான் நினைக்கவில்லை. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோட்டையை விட்டுச் சங்குமுகம் கடலுக்கு ஆராட்டு என்னும் தீர்த்தமாட எழுந்தருளும்போது, வழியில் விமான நிலையம் குறுக்கிடுகிறது. விமானங்கள் சில மணி நேரம் நிறுத்தப்பட, சுவாமி ஓடுபாதையைக் கடந்து போகிறார். மாசி மாதத்தில், கண்ணகியே என்று ஜனங்கள் நம்புகிற ஆற்றுக்கால் பகவதிக்காகப் பெண்கள் மூன்று செங்கல்லை வைத்துப் பொங்கலிடுகிறார்கள். கோயில் வாசலில் தொடங்கும் அடுப்பு வரிசை கோட்டை, சாலை, தம்பானூர், ஸ்டாச்சு என்று வீதி வீதியாக நீண்டு, செயலகத்து வாசலையும் சந்தை வாசலையும் ஒரே புகையில் மூழ்கடித்துவிடும். 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகத்தில் பதிவாயிற்று.

எல்லாவற்றிலும் என்னை உருக்குவது நவராத்திரிப் பவனிதான். 1795இல் தலைநகரம் புறப்பட்டு வந்தபோது பத்மநாபபுரத்துத் தேவாரக்கட்டு சரஸ்வதி அங்கேயே தங்கிவிட்டாள். கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது ஐதீகம். 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது அவள் இருந்த மண் வேறு மாநிலமாயிற்று. ஆயினும் வருஷந்தோறும், அரச உடைவாள் முன்னே செல்ல, யானைமேல் அமர்ந்து அவள் களியக்காவிளை எல்லையைத் தாண்டி வருகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் வருகிறார்கள். கரமனையிலிருந்து குமாரசுவாமி வெள்ளிக்குதிரையேறி ஊருக்குள் நுழைவார். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி சாலைக் கடைவீதியிலுள்ள ஆரியசாலைக் கோயிலிலும், நங்கை செந்திட்டைக் கோயிலிலும் தங்குகிறார்கள். விருந்தினர்க்கும் பேட்டை பார்த்துத்தான் இடம் ஒதுக்குகிறது இந்த ஊர்! கல்விக்குக் கோட்டை, வேலவனுக்கு வியாபாரிகள் நடுவே வாசம். விழா முடிந்ததும் மூவரும் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள்.

அன்று சாலையில் பூக்கடைக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் தாகத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். எந்தத் தண்ணீர் என்று விசாரித்ததற்கு, "அருவிக்கரைத் தண்ணி" என்றார் கடைக்காரர். நெடுமங்காட்டுக்குப் பக்கத்தில், கரமனையாற்றை மறித்து நகரத்துக்குக் குடிநீர் எடுக்கிற இடம் அது. அந்த ஆறு பிறப்பதோ பொன்முடியை அடுத்த மலைகளில். பேரூர்க்கடையிலும் கவடியாரிலும் கோட்டையிலும் சாலையிலும் அன்று அடுப்பில் ஏறியது இந்த மலைத் தண்ணீர்தான். என்னைப் போலவே அதுவும் மலையிலிருந்து இறங்கி வந்ததுதான். பஸ் கட்டணம் கொடுக்காமல் வந்தது என்பது ஒன்றே வித்தியாசம்.